இரண்டு அலகு

டாக்டர் பாலசுப்ரமணியன் பாசியில் பட்டம் வாங்கியவர். கணவாய் மீனைத் தட்டில்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் 1998-ல் தென்துருவக் கடலுக்குப் போன கப்பலில் சீனியாரிட்டிப்படி அவர்தான் ஏறினார். சும்மா சொல்லக்கூடாது, வழியெல்லாம் வாந்தியெடுத்தாலும், பெரிய மீன்களின் வயிற்றிலிருந்து எடுத்த கணவாய் அலகுகளைப் புட்டி புட்டியாகக் கொண்டுவந்து சேர்த்தார். சதை செரித்துப் போனாலும் அலகு செரிக்காது; அதை எண்ணினால் அந்தப் பனிக்கடலில் கணவாயும், பேய்க்கணவாய் என்கிற ஆக்டோபஸும் எவ்வளவு என்று மதிப்பிடலாமாம்.

எண்ணும் வேலை தினக்கூலி எல்லம்மாளுக்கு. மாமல்லபுரத்துக்கு வடக்கே குப்பத்துக்காரி. டாக்டரின் ஆய்வுக்கூடத்துக்கு வருமுன் எட்டு வருஷம் மீன் ஏற்றுமதி ஷெட்டில் ஐஸ் தண்ணீரில் கையை விட்டுக் கணவாய் சுத்தம் செய்தவள். விரல்கள் மரத்தே போயிருந்தன. ஆறு மாதத்தில் நிரந்தர வேலைக்கு நேர்காணல். அது கிடைத்துவிட்டால் ஷெட்டுக்கு ஒரு கும்பிடு.

மேல் அலகு ஒரு டப்பா, கீழ் அலகு ஒரு டப்பா என்று பிரித்து எண்ணிக் கொடுத்தாள். மகானுபாவர் இரண்டையும் கூட்டி, நாலாயிரத்துச் சொச்சம் கணவாய் என்று அறிக்கை எழுதினார்.

"சார், ஒரு கடமாவுக்கு வாய்ல ரெண்டு கீது சார். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு," என்றாள், கணவாயைத் தன் ஊர்ப் பேரிலேயே சொல்லி.

"நீ எந்த யுனிவர்சிட்டிம்மா?" என்று கேட்டுவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விட்டார். எல்லம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறிக்கை வெளிநாட்டு நிபுணர்களின் பார்வைக்குப் போயிற்று. அங்கிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: மேலலகையும் கீழலகையும் தனித்தனிக் கணவாயாக எண்ணியது யார்?

நேர்காணலுக்கு முதல் நாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு கடிதத்தையும் பேனாவையும் நீட்டினார். எண்ணிய பணியாளர் விவரம் தெரியாமல் கலந்துவிட்டார் என்று டைப் அடித்திருந்தது.

"ஒரு கையெழுத்துதானம்மா. நாளைக்குக் கமிட்டியில நான்தான் உட்காரப் போறேன்."

எட்டு வருஷம் கணவாய் அறுத்தவளுக்குக் கணவாயின் வாய் தெரியாதாம். எல்லம்மாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"இத்த எங்க குப்பத்துல சொன்னா நாயிகூட நம்பாது சார்."

"உனக்கு வேலை வேணாமா?"

"வேணும் சார். தெரிஞ்ச வேலைய தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு, அதே வேலைய எந்த மூஞ்சிய வச்சிகினு செய்றது?" பேனாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் நேர்காணலில் அவள் பெயரைக் கூப்பிடவேயில்லை. கடிதம் கையெழுத்தில்லாமலே, திருத்திய எண்ணிக்கையோடு வெளிநாட்டுக்குப் போயிற்று. எண்ணிக்கையைப் பாதியாக்கித் திருத்தியதற்கு டாக்டரை மெச்சிப் பதில் வந்தது. அதற்கு ஆபீசில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். எல்லம்மாள் திங்கட்கிழமை காலையில் பழைய ஷெட்டுக்கு வேலை கேட்டுப் போனாள்.