பனியில் சிரித்த சிப்பாய்

சீனாக்காரன் எல்லை தாண்டி வந்த ஐப்பசியில், திருவரங்குளம் வட்டார ஆபீஸுக்கு ஓர் உத்தரவு வந்தது. ஊர் ஊராக நாடகம் போட்டு மக்களுக்குத் தைரியம் ஊட்ட வேண்டும். அந்த ஆபீஸில் கல்யாண வாழ்த்துமடல் எழுதுகிறவர் குமாஸ்தா அடைக்கலம் ஒருவர்தான். அந்தப் பாவத்துக்கு நாடகம் அவர் தலையில் விழுந்தது.

விழுந்ததில் அவருக்கு உள்ளூரக் கொள்ளை மகிழ்ச்சி. திருச்சிக்கு வடக்கே கால் வைத்தறியாத மனிதர், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இமயமலையை எழுதி முடித்தார். கதாநாயகச் சிப்பாயாகவும் அவரே நடித்தார். தொந்தி ஒரு தடை என்று அப்போது தனக்குத் தோன்றவே இல்லை என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரிப்பார்.

முதல் ஆட்டம் கடலோரக் கட்டுமாவடியில். இலவம்பஞ்சைப் பரப்பிப் பனியாக்கியிருந்தார்கள். "இந்தப் பனி எனக்குப் பூமெத்தை! இந்தக் குளிர் எனக்குச் சந்தனம்!" என்று சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார் அடைக்கலம். பஞ்சு மூக்கில் ஏறித் தும்மினார். கூட்டம் அதற்கும் கைதட்டியது. எதிரித் தளபதியாக வந்த பியூன் ராக்கன் முதுகில் செருப்பு விழுந்தபோது, அது தன் எழுத்துக்குக் கிடைத்த பரிசென்றே அவர் பூரித்தார்.

அரிதாரம் கலைக்கும்போது ஒரு அம்மாள் வந்து நின்றாள். பெயர் சந்தனமேரி. அவள் மகன் ராயப்பன் பட்டாளத்தில் அந்த எல்லையில்தான் இருக்கிறானாம். கொஞ்ச நாளாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

"சார், நீங்க அங்கிட்டுப் போயிட்டு வந்தவங்களா?"

"ம்... ஏம்மா?"

"அம்புட்டு வெவரமாச் சொன்னீங்களே. எம்மவன் மார்கழி வாடைக்கே தாங்கமாட்டான் சார். பனி ஒண்ணும் பண்ணாதுங்கிறது நெசந்தானா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வசனகர்த்தாவின் மானம் குறுக்கே நின்றது. "நெசந்தாம்மா," என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுப் போனாள்.

ஜீப்பில் திரும்பும்போது கடல்காற்றுக்குத் துண்டை எடுத்துக் காதோடு சுற்றிக்கொண்டார். சுற்றிய பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். மறுநாள் அந்த வசனத்தை அடித்துவிட்டு, "குளிருதுடா சாமி. ஆனாலும் நகர மாட்டேன்," என்று எழுதி, மேலதிகாரியான பி.டி.ஓ.விடம் கொண்டு போனார்.

பி.டி.ஓ. சீறினார். "யோவ், சிப்பாயே நடுங்குனா சனங்களுக்கு எங்கேருந்துய்யா தைரியம் வரும்?"

"சரிங்க சார்," என்றார் அடைக்கலம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகச் சொன்னார். தன் புரட்சி அவ்வளவுதான் என்பார். அடுத்த ஆட்டத்துக்குள் சண்டையே நின்றுவிட்டது. தன் வசனம் தாங்காமல்தான் சீனாக்காரன் திரும்பிப் போனான் என்றும் சொல்வார்.

பங்குனியில் ஆபீஸ் வேலையாகக் கட்டுமாவடி போனவரைச் சந்தனமேரி விடாமல் வீட்டுக்கு அழைத்துப் போனாள். ராயப்பன் லீவில் வந்திருந்தான். அவனுடைய வலதுகாலில் சில விரல்களைக் காணோம்.

"கல்லு விழுந்துருச்சாம் சார். குளிரெல்லாம் ஒண்ணுமில்லையாம். நீங்க சொன்ன மாதிரியேதான் சொல்றான்," என்று அவள் காப்பி போட உள்ளே போனாள்.

அடைக்கலம் அந்தக் காலையே பார்த்தார். "பனியா தம்பி?"

"ஆமா சார்." ராயப்பன் குரலைத் தணித்தான். "ஆத்தாகிட்டச் சொல்லிறாதீங்க. ஒங்க நாடகத்தைப் பாத்த பெறகுதான் அதுக்குச் சோறே எறங்குச்சாம்."

இதற்கு மகிழ்வதா, வெட்கப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "அங்க எப்படித் தம்பி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"வாங்க, கரைப்பக்கம் போவோம்."

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ராயப்பன் கம்பை ஊன்றி மணலில் மெதுவாக நடந்தான். படகு நிழலில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினான். பருத்திச் சட்டையோடு மலையேறியது, பக்கத்தில் படுத்தவன் விடிந்தும் எழுந்திருக்காதது, எல்லாவற்றையும் சொன்னான். ஊர் திரும்ப வேண்டிய பஸ்ஸின் ஹாரன் கேட்டது. போய்விட்டது. அடைக்கலம் எழுந்திருக்கவில்லை.