காற்றறைக் கதவு திறந்திருந்த பத்து நிமிடம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அக்கா வேலை செய்யும் பாலியெஸ்டர் நூல் ஆலை எனக்கு அத்துப்படி, அதைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று ஒரு பத்திரிகையிடம் வாயை விட்டுவிட்டேன். ஆலைக்குள் நான் அதுவரை கால் வைத்ததே இல்லை. பிறகு அக்காவின் கையைக் காலைப் பிடித்து, அவளை அனுமதி வாங்க வைத்து, ஒரு மதியம் உள்ளே போனேன்.

முதல் தொடக்கம்: "உருகிய பாலியெஸ்டர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்த அந்த

(அடித்துவிட்டேன். "அருவியா கொட்டினா மெஷின நிறுத்திட்டு ஓடணும்டா" என்றாள் அக்கா.)

2

நடப்பது இதுதான். அரிசிமணி அளவுள்ள பாலியெஸ்டர் துண்டுகளை உருக்கி, பொடிப்பொடித் துளைகள் உள்ள தகட்டின் வழியே அழுத்துகிறார்கள். கீழே இறங்கும் இழைகள்மீது, காற்றறைக்குள், குளிர்ந்த காற்று ஒரே சீராக வீசும். அடியில் ஓர் உருளை நிமிடத்துக்கு மூவாயிரம் மீட்டர் வேகத்தில் அவற்றை இழுத்துச் சுற்றும்.

அந்த இழுப்பில்தான் எல்லாமே. உருகும்போது தூங்கி எழுந்த தலைமுடி மாதிரி சிக்காகக் கிடக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள், இழுக்க இழுக்க, வாரிவிட்டதுபோல ஒரே திசையில் படிகின்றன. மெதுவாக இழுத்தால் நூல் சவசவவென்று நீளும். வேகமாக இழுத்தால் உறுதிப்படும். ஆனால் அது இறுகும் நேரத்தில் காற்று ஆடினால் ஓரிடம் தடித்து, ஓரிடம் மெலிந்துவிடும். வெள்ளையாக இருக்கும்வரை தெரியாது. சாயத்தில் முக்கினால் வரிவரியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

(அக்கா திருத்திய பத்தி. நான் எழுதியதில் காற்று சூடாக இருந்தது.)

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே. "பொறாமை பிடித்த சக ஊழியர் ஒருவர், யாரும் பார்க்காத நேரத்தில்" – இல்லை, அப்படி ஒருவர் அங்கே கிடையாது. இருந்தவர் ஒரு பார்வையாளர். மூன்று வரைவுகளில் அவரை நான் கதைக்குள் விடவே இல்லை. கெட்டவர் அல்ல, கை சும்மா இருக்காது. அறுந்த நூலை மறுபடி ஓட்ட அக்கா அடுத்த வரிசைக்குப் போனபோது, இழைகளைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் காற்றறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் குறிப்பெடுத்தார். "வெள்ளை மௌனம்" என்று வேறு எழுதிக்கொண்டார்.

[அடிக்குறிப்பு: சுற்றி வளைப்பானேன். அது நான்.]

4

மூன்று வாரம் கழித்துச் சாயப் பட்டறையிலிருந்து துணி வரிவரியாகத் திரும்பி வந்தது. நூல்கண்டின் எண்ணைப் பிடித்துப் போனால் அக்காவின் ஷிப்ட். நாளை காலை பத்து மணிக்குள் அவள் விளக்கம் எழுதித் தர வேண்டும். பதினொரு வருடமாக அவள் காத்திருக்கும் ஷிப்ட் தலைமைப் பொறுப்பு யாருக்கு என்பதும் இந்த வாரம்தான் முடிவாகிறது.

நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல், மூன்றாம் பகுதியை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"உன்னை உள்ள கூட்டிட்டுப் போனது நான்தானே" என்றாள். பிறகு உட்கார்ந்து ஏதோ எழுதி, தாளை என்னிடம் நீட்டினாள். "எழுத்துப்பிழை மட்டும் பாரு. கதை விடாத."

5

முடிவு (அ): மேலதிகாரி சிரித்து, மன்னித்துவிடுகிறார். (அவரைப் பார்த்திருக்கிறேன். சிரிக்கிற ஆள் இல்லை.)

முடிவு (ஆ): தம்பி காலையில் ஆலை வாசலில் போய் நின்று, நோட்டுப் புத்தகத்தை நீட்டி,

(முடிக்கவில்லை.)

தாள் என் முன்னால் இருக்கிறது. ஒரே வரி: "காற்றறைக் கதவைத் திறந்து வைத்தது நான்தான்." பிழை ஒன்றும் இல்லை. கீழே கையெழுத்துப் போடாமல் தூங்கப் போய்விட்டாள் அக்கா. அவள் போட்டால் அந்த வரி பொய், நான் போட்டால் உண்மை.

பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன். இவ்வளவு நேரம் என்னைப் படித்தீர்களே, நீங்களே சொல்லுங்கள்: நான் போடுகிற ஆள்தானா?