வலது பெட்டியின் சாவி

ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும் முன் நோயாளியின் வளையல், தோடு, சங்கிலி, குரல் எல்லாவற்றையும் கழற்றிக் கூட வந்தவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். என் மனைவி மங்கையர்க்கரசிக்குக் கழுத்தில் கட்டி. நர்ஸ் எமல்டா நகைகளை ஒரு காகித உறையிலும் குரலை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவிலும் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் நோட்டில் கையெழுத்துப் போட்டேன். வெயில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள், பத்தாம் நாள் காலை ஒன்பது மணிக்குத் தையல் பிரிப்போம், அதற்குள் குரலைக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார். தையல் பிரித்துவிட்டால் தொண்டை மூடிக்கொள்ளும். அதன் பிறகு எந்தக் குரலும் அதற்குள் இறங்காது. எல்லாருக்கும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னார்.

குரலைக் கொடுப்பதற்கு முன் அரசி கடைசியாகச் சொன்னது இது:

"நாளைக்கு ஆயுதபூஜை. கத்தி, சாவியெல்லாம் எடுத்து வச்சுக் கும்பிடுங்க. நான் இல்லைன்னு சும்மா விட்டுறாதீங்க."

நான் ஒரு விதை கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவன். வண்டியின் பின்னால் இரு பக்கமும் கறுப்புப் பெட்டிகள் உண்டு. இடது பெட்டியில் மக்காச்சோள விதை, வலது பெட்டியில் சாப்பாடு. இரண்டுக்கும் தனித்தனிச் சாவி. ஒன்று மற்றதில் திரும்பாது. டப்பாவைத் துண்டில் சுற்றி வலது பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வீட்டு அலமாரியில் வைத்திருக்கலாம். ஆனால் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலையும்போது குரல் என்னோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். வழி முழுக்க அது பின்னாலிருந்து மெதுவாகப் போங்க, லாரி வருது என்று சொல்லிக்கொண்டே வந்தது. வலது பெட்டிக்கு மாற்றுச் சாவி ஒன்றும் இருந்தது. தொலைந்துவிடக் கூடாதே என்று ஆறு வருஷத்துக்கு முன்பே அதை வலது பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

சொன்னபடி பூஜை செய்தேன். வாழை இலையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டேன். எங்கள் வீட்டில் பூஜையில் வைத்தவை அன்று முழுக்க ஓய்வில் இருக்கும். மறுநாள் காலை அரசி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அரிவாள்மணை, எந்திரிச்சு வா. கத்தரிக்கோல், எந்திரிச்சு வா. அதன் பிறகுதான் அவை வேலைக்குத் திரும்பும். இந்த வருஷம் நான் கூப்பிட்டேன். அரிவாள்மணை கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. கத்தரிக்கோல், திருப்புளி, வண்டிச் சாவி, இடது பெட்டிச் சாவி எல்லாம் வந்தன. வலது பெட்டிச் சாவி வரவில்லை. அது இருந்த இடத்தில் இலையின் மேல் ஒரு சந்தனப் பொட்டு மட்டும் இருந்தது.

வண்டியை வாசற்படிக்குத் தள்ளிக்கொண்டு வந்து, நீயே கூப்பிட்டுப் பார் என்று பெட்டியிடம் சொன்னேன். குரல் கூப்பிட்டது. துண்டையும் டப்பாவையும் பெட்டியையும் தாண்டி வந்ததால் கூப்பாடு கனத்துப் போயிருந்தது. எதிர்வீட்டு மாவு மில்லின் சாவிதான் வந்து நின்றது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

பூட்டுக்குப் பேர்போன ஊரில் ஒரு சாவிக்காக அலைகிறாயே என்று மில்காரர் கேலி செய்தார். அவர் சொன்ன பூட்டுக்காரர் வந்து பெட்டியின் முன் குத்துக்கால் இட்டு உட்கார்ந்தார். கம்பியை எடுத்தபோது உள்ளிருந்து குரல், காபி சாப்பிடுறீங்களா என்று அவரைக் கேட்டது. அவர் கம்பியைப் பைக்குள் வைத்துவிட்டார். உள்ளே ஆள் பேசும்போது பூட்டில் கை வைப்பதில்லை, அது தொழில் மரியாதை என்றார். காபியைக் குடித்துவிட்டுப் போனார். உடைக்கலாம் என்றால், பெட்டி உடைந்தால் குரலும் உடையும் என்று நர்ஸ் கொடுத்த ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தது.

நான்காம் நாள் பெட்டி விற்ற கடைக்குப் போனேன். உதிரிபாகப் பிரிவில் பிரிட்டோ என்பவர் இருந்தார். பொறுமையான மனிதர். இந்தப் பெட்டிகளுக்கு மொத்தம் நாற்பது வகைச் சாவிதான், எண்ணைச் சொன்னால் மூன்றாம் நாள் பதினோரு மணி பார்சலில் வந்துவிடும் என்றார். எண் எங்கே இருக்கும் என்று கேட்டேன். சாவியின் மேல் இருக்கும். சாவி தொலைந்தவர்களின் வசதிக்காகப் பெட்டி மூடியின் உள்பக்கத்திலும் ஒட்டியிருக்கும் என்றார். ஒரு விண்ணப்பத்துக்கு ஓர் எண். அந்தச் சாவி வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த விண்ணப்பம். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பத்தாம் நாள் ஒன்பது மணிக்குள் ஒரு சாவிதான் வரும், இரண்டாவது பதினோரு மணிக்குத்தான்.

வெளியே வந்து பெட்டியின் மேல் குனிந்து, மூடியில் என்ன எண் ஒட்டியிருக்கிறது என்று கேட்டேன்.

"குரலுக்கு ஏதுங்க கண்ணு?" என்றது. பிறகு கொஞ்சமும் தயங்காமல், "முப்பத்தொண்ணு. போய்ச் சொல்லுங்க" என்றது.

ஆஸ்பத்திரியில் அரசி கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளிடமும் கேட்டேன். நோட்டை வாங்கி, 'பழனிக்குப் போகும்போது சாப்பாடு கட்டி வைத்தேனே, அன்றைக்கு மூடியில் பார்த்தேன். 17' என்று எழுதிக் காட்டினாள். முப்பத்தொன்று இல்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். வலித்திருக்க வேண்டும், கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். பதினேழைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாக நான் கேட்டுப் பழகியது குரலைத்தான். அது சொன்னால் சட்டை மாற்றுவேன், அது சொன்னால் மாத்திரை போடுவேன். நோட்டில் எழுதும் இந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பிரிட்டோவிடம் திரும்பிப் போய், முப்பத்தொன்று என்று உரக்கச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன், அவர் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

ஏழாம் நாள் சாவி வந்தது. துவாரத்துக்குள் போனது, திரும்பவில்லை. கடை வாசலிலேயே நின்று எண்ணெய் விட்டுப் பார்த்தேன், சாமி கும்பிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தொன்று எங்கள் வீட்டுக் கதவிலக்கம். கேஸ்காரனுக்கும் கூரியர்காரனுக்கும் அரசி போனில் தினமும் சொல்வது. குரலுக்குச் சொன்னது மட்டும்தான் தெரியும். பார்த்தும் வாய் திறந்து சொல்லாதது அதற்குத் தெரியாது. அப்படிப்பட்டவை எவ்வளவு இருக்கும் என்று யோசித்தேன். பிரிட்டோவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பேசாமல் விண்ணப்பத்தில் 17 என்று எழுதி அவர் பக்கம் தள்ளினேன்.

இதை அரசியிடம் சொன்னபோது அவள் நோட்டைக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த மூன்று நாளும் நான் கட்டிலுக்கும் வண்டிக்குமாக நடந்தேன். கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் குரல் என்னிடம், அரசி எப்படி இருக்கா என்று கேட்கும். நன்றாக இருக்கிறாள் என்பேன். மேலே அவள் ஒன்றும் கேட்கமாட்டாள்.

பத்தாம் நாள் காலை நர்ஸ் எமல்டாவிடம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போட முடியுமா என்று கெஞ்சினேன். ஒன்பது என்று சீட்டில் இருக்கிறதே என்று அவர் சீட்டைக் காட்டினார். ஒன்பதுக்குத் தையல் பிரித்தார்கள். பதினோரு மணிக்குச் சாவி வந்தது. வெண்ணெயில் இறங்குவது போல் திரும்பியது. மூடியின் உள்பக்கம் சின்னதாக 17 என்று ஒட்டியிருந்தது. துண்டைப் பிரித்தேன்.

"ஏங்க இவ்வளவு நேரம்?" என்றது குரல்.

நான் வண்டியருகே நின்று அழுதேன்.

டப்பாவை மேலே கொண்டுபோனேன். நர்ஸ் எமல்டா முகர்ந்து பார்த்தார். இன்னும் கெடவில்லை, ஆனால் சாயங்காலத்துக்குள் மாவு மாதிரிப் புளித்துவிடும், வீட்டு ஆள் தொண்டை ஏதாவது இருந்தால் அதில் இறக்கலாம் என்றார். ஒரு தொண்டையில் இரண்டு குரல் தங்காது என்பதையும் சொன்னார். நான் நோட்டில் கையெழுத்துப் போட்டேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. என் குரலை அதே டப்பாவைக் கழுவி அதில் போட்டு, கூட வந்தவர் என்ற முறையில் அரசியிடம் கொடுத்தார்கள். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும், "வலது பெட்டிச் சாவி, எந்திரிச்சு வா" என்றேன். அரசியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. வாசற்படிக்கு அடியிலிருந்து பழைய சாவி வந்தது. காய்ந்த சந்தனம் அதன் மேல் அப்படியே இருந்தது. அரசி அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள். புதுச் சாவியையும், பெட்டிக்குள் கிடந்த மாற்றுச் சாவியையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். என் டப்பாவைத் துண்டில் சுற்றி வலது பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அன்றிலிருந்து கேஸ்காரனுக்குக் கதவிலக்கம் சொல்வது நான்தான். அவள் நோட்டில் எழுதித் தருவதை அவள் குரலில் வாசிப்பேன். எழுதாததை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. காலையில் வண்டியைத் துடைக்கும்போது வலது பெட்டிக்குள்ளிருந்து புளித்துப்போன என் குரல் கேட்கும். முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். பதினேழை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

இந்த வருஷ ஆயுதபூஜைக்கு அரசியே இலை போட்டாள். அரிவாள்மணை, கத்தரிக்கோல், திருப்புளி எல்லாவற்றையும் வைத்து, கடைசியில் வலது பெட்டியின் அந்த மூன்று சாவிகளையும் வரிசையாக வைத்தாள். மறுநாள் காலை நோட்டில் பட்டியல் எழுதித் தந்தாள். அரிவாள்மணையைக் கூப்பிட்டேன், வந்தது. மற்றவையும் வந்தன. பட்டியல் வண்டிச் சாவியோடும் இடது பெட்டிச் சாவியோடும் முடிந்திருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் நோட்டை மூடினாள். இலையில் மூன்று சந்தனப் பொட்டுகள் இருந்தன. இலையை மடித்து எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்குப் போட்டேன்.