புதன்கிழமை வருவார்கள்

மருத்துவமனையில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்கும் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தவள், முதல் ஞாயிறே கோயிலுக்குப் போனாள். திருப்பலி முடிவில் பங்குத்தந்தை, "புதுசா வந்தவங்க யாராவது இருந்தா எழுந்து நில்லுங்க" என்றார். அவள் ஒருத்திதான் எழுந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குக் காது வரை சுட்டது.

வாசலில் வரவேற்புப் பொறுப்பில் இருந்த பெண்மணி ஓர் அட்டையை நீட்டினார். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் என்பதால் பங்கு முழுவதற்கும் அவர் மைக் அக்கா.

"அட்ரஸ் தெளிவா எழுதுங்கம்மா. உங்க தெருவுக்குப் பொறுப்பான அன்பியக் குழுவுலேருந்து புதன்கிழமை ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவாங்க. ஜெபம் சொல்லிட்டு, கொஞ்ச நேரம் பேசிட்டுப் போவாங்க. டீ போதும். பலகாரம்னு இழுத்து விட்டுக்காதீங்க."

அவள் தெளிவாகவே எழுதினாள். கொஞ்சம் கூடுதல் தெளிவாக. வீட்டின் முகப்பு பெரிய தெருவில். மாடியில் இருக்கும் அவளுடைய அறைக்குப் படி பின்சந்தில். வருகிறவர்கள் அலையக் கூடாதே என்று இரண்டையும் எழுதினாள்.

அந்தப் புதனுக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாள். கீழ்வீட்டில் இரண்டு நாற்காலி இரவல் வாங்கினாள். ஆறு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள், தொழில் புத்தி. ஏழரை வரை படியில் கேட்ட ஒவ்வொரு காலடிக்கும் எழுந்தாள். கடைசியாக வந்தவர் கீழ்வீட்டு ஐயா. நாற்காலியைத் திருப்பிக் கேட்டு வந்திருந்தார்.

கப்பலில் சமையல்காரனாக இருக்கும் கணவன் மறுநாள் போனில் கேட்டான். "வந்தாங்களா?"

"இல்லங்க. ஏதாவது வேலை இருந்திருக்கும்."

"நீ பாடுவேன்னு யாரோ போட்டுக் கொடுத்திருப்பாங்க."

சிரித்தாள். போனை வைத்ததும் அந்தச் சின்ன அறை பெரிதாகத் தெரிந்தது.

அடுத்த புதனும் அப்படியே போயிற்று. ஞாயிறுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "செட்டில் ஆயிட்டீங்களா?" என்று பலரும் கேட்டார்கள், பதில் வருவதற்குள் அடுத்தவரிடம் கை குவித்தார்கள். வீட்டுக்கு வாருங்கள் என்று அழைக்கலாம். ஏன் வரவில்லை என்று எந்த முகத்தோடு கேட்பது?

மூன்றாம் புதன் எதிர்வீட்டிலிருந்து பாட்டுக் கேட்டது. ஜன்னலுக்கு ஓடினாள். தெரிந்த பாட்டு. பழைய பங்கின் பாடகர் குழுவில் பதினான்கு வருடம் இரண்டாம் குரல் பாடியவள் அவள். இங்கே முதல் குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. எல்லாக் குரலுக்கும் மேலே மைக் அக்கா. இருபதடி அகலம்கூட இல்லாத தெருதான். அங்கே வந்தவர்கள் இங்கே வரவில்லை.

கொதித்த தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு, படியிறங்கிச் சுற்றிக்கொண்டு போனாள். கதவு திறந்தே இருந்தது.

"அட, நீங்களா! வாங்க, வாங்க. உங்க அன்பியத்துல நல்லா கவனிச்சுக்கிறாங்களா?" என்றார் மைக் அக்கா.

"யாரும் வரலக்கா. மூணு புதனா காத்திருக்கேன்." சொல்லும்போதே அது புகாராக ஒலித்தது. அதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

மைக் அக்காவின் குரல் தணிந்தது. "எந்த வீடும்மா?"

ஜன்னலைக் காட்டினாள்.

"நேர் எதிர்லயா? அட்டையில சந்துன்னு பார்த்தேனே! சந்து வாத்தியாரோட அன்பியம்னு அவருக்கு அனுப்பிட்டேன்." உடனே வாத்தியாரைப் போனில் பிடித்தார். அவர் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"பெரிய தெருன்னும் எழுதியிருந்துச்சு. அது உங்க எல்லை. நான் உள்ளே புகுந்தா சும்மா விடுவீங்களா? அன்னிக்கே அட்டையை மணியடிக்கிற கோயில்பிள்ளைகிட்ட கொடுத்து உங்ககிட்ட சேர்க்கச் சொன்னேனே."

"ஒரே ஒரு தடவை சண்டை போட்டேன். அதுக்கு இவ்வளவு மரியாதையா?"

"சரி, பங்குப் பேரவைக் கூட்டத்துல வச்சு முடிவு பண்ணுவோம். அடுத்த மாசம் கடைசி ஞாயிறு."

"அக்கா," என்றாள் அவள். "நான் எந்த அன்பியம்னு மெதுவா முடிவு பண்ணுங்க. இப்ப டீக்குத் தண்ணி வச்சிருக்கேன். ரெண்டு பேர் வந்தாக்கூடப் போதும்."

எட்டுப் பேர் கிளம்பினார்கள். "நானும் வர்றேன். படி என் எல்லையிலதானே இருக்கு!" என்றது போன்.

நாலு பேர் கட்டிலில், மற்றவர்கள் தரையில். ஜெபத்துக்குப் பின் பாடினார்கள். அவள் இரண்டாம் குரலில் சேர்ந்ததும் வாத்தியார் தன் வரியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கோப்பை ஆறுதான்; டீ முறை வைத்து நடந்தது.

"வீட்டுக்காரர் கப்பல்ல சமையலா? அப்ப வீட்டுலயும் அவர்தானா?" என்றார் மைக் அக்கா.

"வீட்டுக்கு வந்தாத்தானே தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.

அரை மணி ஆகியிருக்காது. வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் யாரோ செருப்பைத் துழாவும் சத்தம் கேட்டது.

"அப்ப கிளம்புவோமா?"

"இன்னொரு பாட்டு," என்றாள் அவள் அவசரமாக. "சின்னப் பாட்டுதான்."

பாதி எழுந்திருந்த மைக் அக்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"எத்தனை சரணம்?"

"ஆறு."