வீரா, மைனா

தன் அத்தை மகள் ஜன்சயா மேல் தனக்குப் பொறாமையே கிடையாது என்று கம்ஷாத் தினமும் காலையில் பல் துலக்கும்போது ஒரு தரம் சொல்லிக்கொள்வாள். வாயைக் கொப்பளிப்பதற்குள் ஜன்சயா குளியலறைக் கதவைத் தட்டிவிடுவாள்.

"மகாராணி, பஸ் போயிடும். கண்ணாடிய சாயங்காலம் வந்து பாரு."

அவ்வளவுதான். சொல்லிக்கொண்டதெல்லாம் தண்ணீரோடு ஓடிவிடும்.

பதினோராம் வகுப்பு முடிந்ததும் கிரேன் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்று முதலில் சொன்னவள் கம்ஷாத். பாவ்லதார் நகரில் அவர்கள் வீட்டு ஜன்னல் எதைத் திறந்தாலும் தூரத்தில் ஒரு கிரேன் நிற்கும். சின்ன வயதிலிருந்தே அதன் உச்சியில் இருக்கும் அந்தக் கண்ணாடி அறையின் மேல் அவளுக்கு ஒரு கண். அம்மா குல்பர்ஷின் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. "பேங்க்ல உட்கார வேண்டிய பொண்ணு கம்பத்து மேல உட்காரப் போறாளாம்" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அழுதாள். கம்ஷாத் ஒற்றைக் காலில் நின்று, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் தொழிற்கல்லூரியில் சேர்ந்தாள்.

அவள் சேர்ந்த அதே வாரம் ஜன்சயா கிராமத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள்.

தாய்மாமன் வீட்டில் சகோதரியின் பிள்ளை மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம், மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. கம்ஷாத்தின் அப்பா போலாத் இந்த வழக்கத்தை உயிராக மதிப்பவர். ஜன்சயா முதல் முறை கேட்டது ஏழு வயதில். கம்ஷாத்தின் பிறந்த நாளுக்கு வாங்கிய சிவப்புப் பனிச்சறுக்கு வண்டியைக் கேட்டாள். அப்பா எடுத்துக் கொடுத்துவிட்டார். இரண்டாவது முறை கேட்டது இப்போது. "மாமா, கம்ஷாத் படிக்கிறதையே நானும் படிக்கணும். உங்க வீட்டுல இருந்துக்கறேன்." அதற்கும் சரி. கம்ஷாத்தின் அறையில் ஜன்னலோரக் கட்டில் போயிற்று. அம்மாவோடு சண்டை போட்டது ஒருத்தி, சண்டையே போடாமல் படித்தது இன்னொருத்தி.

மூன்றாவது முறை இன்னும் பாக்கி இருந்தது. கம்ஷாத் அதை ஒரு நாளும் மறந்ததில்லை.

படிப்பு முடிந்து இருவரும் நகரின் ஓரத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். ஒரு நாள் ஒருத்தி கேபினில், லூபா என்ற பழைய ஓட்டுநரின் பக்கத்தில். மற்றவள் கீழே கருவி அறையில். கீழே கொக்கி மாட்டிவிடும் வேலை யெர்தோஸுடையது. அகன்ற தோள், வெயிலில் காய்ந்த மூக்கு, இருபத்திரண்டு வயது. வாக்கிடாக்கியில் அவன் சொல்லும் வார்த்தைகள் இரண்டுதான். 'வீரா' என்றால் தூக்கு. 'மைனா' என்றால் இறக்கு. நம் காதுக்கு ஓர் ஆணையும் பெண்ணையும் கூப்பிடுவது போல இருக்கும். அங்கே எந்தக் கட்டடத்தில் கேட்டாலும் அதே இரண்டு வார்த்தைதான்.

கம்ஷாத் மேலே இருக்கும் நாளில் அவன் குரைப்பான். "வீரா! நிறுத்து! மைனா! நிறுத்துன்னா நிறுத்து!"

ஜன்சயா மேலே இருக்கும் நாளில், கருவி அறை அலமாரியில் இருக்கும் வாக்கிடாக்கியிலிருந்து அதே குரல் வெல்லப்பாகாக வழியும். "மைனா... மைனா... இன்னும் கொஞ்சம் மைனா... ஆங், அப்படித்தான்... மைனா..."

கம்ஷாத் ஸ்பானர்களை வகை வாரியாக அடுக்கிக்கொண்டிருப்பாள். அந்த நாட்களில் ஸ்பானர்கள் மிகுந்த சத்தத்தோடு அடுக்கப்பட்டன.

அதோடு முதல் நாளே தன் கண்ணால் பார்த்தாளே! மேலே கேபினில் இருந்து குனிந்தபோது கீழே இரண்டு ஆரஞ்சு ஹெல்மெட்டுகள். ஜன்சயாவும் அவனும் விரல் விட்டு ஏதோ எண்ணினார்கள். எண்ணி முடித்ததும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் அவள் ஹெல்மெட்டில் செல்லமாக ஒரு தட்டு தட்டினான். மேலே சத்தம் கேட்காது, படம் மட்டும்தான். அந்தப் படத்துக்கு வசனத்தைக் கம்ஷாத் தானே எழுதிக்கொண்டாள்.

அவன் எந்த ஊர், எந்தக் குலம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஒரு பையனிடம் பெண்பிள்ளை குலம் கேட்டால் கல்யாணப் பேச்சைத் தொடங்கிவிட்டாள் என்றே ஆகும். சைட் முழுவதும் சிரிக்கும். அவள் கேட்கவில்லை.

இலையுதிர் காலத்தில் லூபா புருஷனுக்கு மாற்றலாகிறது என்று வேலையை விட்டாள். சைட்டைப் பார்த்துக்கொள்ளும் ஓரஸ்பெக் வெள்ளிக்கிழமை இருவரையும் கூப்பிட்டார்.

"கேபின் ஒண்ணு, நீங்க ரெண்டு பேர். கை ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் இருக்கு. ஒரே வீட்டுப் பொண்ணுங்க, நடுவுல நான் வந்து பாவம் சேத்துக்க மாட்டேன். வீட்ல பேசிட்டுத் திங்கக்கெழம வந்து சொல்லுங்க. இன்னொருத்திக்குக் கீழ வேலை பாத்துத் தரேன்."

வீட்டில் பேசுவதா? வீட்டில் பேசினால் என்ன நடக்கும் என்று கம்ஷாத்துக்குத் தெரியாதா? ஜன்சயா தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "மாமா, மூணாவதா ஒண்ணு கேக்கறேன்" என்பாள். சிவப்பு வண்டி போன வழியில் கேபினும் போகும்.

சனிக்கிழமை ஜன்சயா உடை மாற்றும் நேரம் பார்த்து அவள் ஓரஸ்பெக்கின் அறைக்குள் நுழைந்தாள்.

"வீட்ல பேசியாச்சு அகை" என்று பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு தொடங்கினாள். " நான்தான் மேல."

"அவளுக்கு?"

"அவளுக்கும் சம்மதம்."

வெளியே வந்தபோது முகத்தில் மணல் காற்று அடித்தது. கேபினைப் பிடித்துவிட்டாள். ஆனால் ஜன்சயா உடை மாற்றும் அறைப் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறு மதியம் அம்மா தட்டு நிறைய இறைச்சியும் அதன் கீழே அகலமான மாவுத் துண்டுகளுமாகக் கொண்டு வந்து வைத்தாள். அப்பா வழக்கம் போல நல்ல துண்டாகப் பார்த்து மருமகள் பக்கம் தள்ளினார். ஜன்சயா எல்லோருக்கும் பால் தேநீர் ஊற்றினாள். தன் இடத்தில் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணாவதாம்மா?"

"மூணாவதுதான்."

கம்ஷாத்தின் கையில் இருந்த கிண்ணம் தட்டில் இடித்தது.

"அம்மாக்கு நீங்க போன் பண்ணணும். நான் கேபின்ல ஏறல, கீழயே கொக்கி மாட்டற வேலை பாக்கறேன்னு நீங்களே சொல்லணும். நான் சொன்னா தோல உரிச்சிடுவாங்க. என் பொண்ணு மேகத்துல வேலை பாக்கறான்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்காங்க."

"ஏம்மா? உனக்கு நல்லா வருதுன்னாங்களே?"

"வருது மாமா. ஆனா நான் மேல போனா என் வயிறு மட்டும் கீழயே நின்னுடுது. கை உதறும். யெர்தோஸ் பாவம், கொழந்தைக்கு சோறு ஊட்டற மாதிரி 'மைனா, மைனா'ன்னு தாஜா பண்ணித்தான் ஒவ்வொரு தடவையும் எறக்க வைப்பான். கொக்கி மாட்டறதுக்கும் சர்டிபிகேட் வாங்கியிருக்கேன். தரைல நின்னா நான் ராணி."

கம்ஷாத்துக்கு மூச்சு வந்தது. கேபின் அவளுடையது! கேட்காமலே, கொடுக்காமலே! அந்த மூச்சை முழுதாக வெளியே விடுவதற்குள் இன்னொன்று உறைத்தது.

"கீழ... யார்கூட?"

"யெர்தோஸ்கூடத்தான். அவனுக்கும் ஓர் ஆள் வேணுமாம்."

நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில். ஒரே கயிற்றின் இந்த முனையில் இவள், அந்த முனையில் அவன். மதியம் ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பாடு. அவளோ மேகத்தில் தனியாக உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"வேண்டாம்!" என்றாள் கம்ஷாத். "அவளே மேல போகட்டும். நான் கீழ நிக்கறேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னடி சொல்ற? இந்தக் கம்பத்துக்காக என் கழுத்த அறுத்தியேடி! சொந்தத்துல ஒருத்தர் விடாம எல்லாருக்கும் என்னைப் பதில் சொல்ல வச்சியே!"

"கீழ... வெயில் நல்லா இருக்கும்."

வெளியே ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிடுவது போல அக்டோபர் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஜன்சயா அவளையே பார்த்தாள். கன்னம் மெல்ல உப்பியது. பிறகு தேநீர் மூக்கில் ஏறும்படி சிரித்தாள்.

"அடி லூசே! யெர்தோஸ் எங்க குலம்டி! அவன் தாத்தாவோட அப்பாவும் எங்க தாத்தாவோட அப்பாவும் கூடப் பொறந்தவங்க. மொத நாளே வெரல் விட்டு எண்ணிப் பாத்தோம். எனக்கு அண்ணன் முறை!"

ஒரே குலத்துக்குள் ஏழு தலைமுறை தாண்டாமல் பெண் கொடுக்கவோ எடுக்கவோ நினைத்தே பார்க்காத ஜனங்கள். கம்ஷாத்தின் காது மடல் வரை சூடேறியது.

"நீ அவன என்ன குலம்னு கேக்கவே இல்லையா?"

"நான் எப்படிடி கேப்பேன்?"

"அவன் கேட்டானே. மொத வாரமே. 'உன் மாமா வீடு என்ன குலம்?'னு. எதுக்குடான்னா, சும்மாங்கறான்."

"யாரு அது யெர்தோஸ்?" என்றாள் அம்மா.

"நமக்கு வேற குலம்தானே?" என்றார் அப்பா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. பிறகு அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினார். "என் தங்கச்சிகிட்டப் பேச நீ ஏம்மா வரம் கேக்கணும்? இது கணக்குல சேராது. மூணாவத பத்திரமா வச்சுக்கோ."

போயிற்று, மறுபடியும் பாக்கி!

பாத்திரம் கழுவும்போது ஜன்சயா தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "வீட்ல பேசி முடிச்சாச்சாமேன்னு நேத்து சாயங்காலம் ஓரஸ்பெக் அகை கேட்டாரு. ஆமான்னுட்டேன்."

கம்ஷாத் குழாயை மூடினாள். "தெரிஞ்சும் ஏன்டி என்னைக் காட்டிக் குடுக்கல?"

"அந்த சிவப்பு வண்டி ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நீ அழவே இல்ல. வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்த. ஊருக்குப் போய் நான் அதுல ஏறவே இல்ல தெரியுமா? உன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துது." தட்டை அடுக்கினாள். "அதுக்காக நீ பண்ணது திருட்டுத்தனம் இல்லன்னு ஆயிடாது. சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள் கம்ஷாத். ஈரக் கையாலேயே ஜன்சயாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை காற்று அடங்கியிருந்தது. ஏணி ஏறி கேபின் கதவைச் சாத்தி உட்கார்ந்தபோது இர்திஷ் ஆறு தகடு போலப் பளபளத்தது. பின்னால் லூபா இல்லை. முழு கேபினும் அவளுடையது. கையில் இரண்டு லீவர், உதறல் இல்லை.

கீழே இரண்டு ஹெல்மெட்டுகள். ஜன்சயா பையைத் திறந்து உருண்டையாக எதையோ எடுத்து யெர்தோஸின் கையில் வைத்தாள். மாவை உருட்டி எண்ணெயில் பொரிக்கும் பௌர்சாக். அண்ணன் முறைதான், குலம் ஒன்றுதான், எல்லாம் சரிதான். ஆனால் அந்த பௌர்சாக் காலையில் கம்ஷாத் தன் கையால் பொரித்தது. கொடுக்கிறவள் மட்டும் வேறு. பழைய பொறாமை மறுபடியும் எட்டிப் பார்த்தது.

"வீரா!" என்று குரைத்தான் யெர்தோஸ்.

கான்கிரீட் பலகை தரையை விட்டு எழும்பியது. ஆடாமல், அலுங்காமல் போய் நாலாவது மாடியில் உட்கார்ந்தது. கொக்கி விடுபட்டதும் கம்ஷாத் வாக்கிடாக்கியை அழுத்தினாள்.

"அவகிட்ட மட்டும் அவ்வளவு மெதுவா பேசின. என்கிட்ட ஏன் நாய் மாதிரி குரைக்கற?"

கீழே அவன் ஹெல்மெட் கேபினை நோக்கி நிமிர்ந்தது.

"அவளுக்குக் கை உதறும். உனக்கு உதறாது." வாக்கிடாக்கி கரகரத்தது. "நீ மேல இருந்தா உதறறது எனக்குத்தான். கத்தலைன்னா வெளிய தெரிஞ்சிடும்."

"சைட் பூரா கேக்குதுடா அண்ணா" என்றது ஜன்சயாவின் குரல். "கம்ஷாத், மூணாவதா என்ன கேக்கறதுன்னு இப்பதான் முடிவு பண்ணினேன். மாமாகிட்ட நான் பேசிக்கறேன்."

"என்னடி கேக்கப் போற?"

"கொக்கியப் பாரு" என்றாள் ஜன்சயா. "மைனா, மைனா."