தாங்கியின் அடித்தண்ணீர்

வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்தால் றவூபின் கையை விட்டுப் போன் இறங்காது. மகள் அப்ராவை ஊரில் விட்டுவிட்டுக் குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அவன் மனைவி ஸஃப்னாவுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் பேச விடுவார்கள். இந்த வெள்ளி அவள் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்கு வர வீட்டுக்கார மேடம் சம்மதித்தாளா, இல்லையா என்று.

ஆலங்குடாவில், கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஹோட்டலில் றவூபுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பி அறையில் வேலை. மழை கண்டு மாதக்கணக்காகி, கிணறுகள் உப்புக் கட்டியிருந்தன. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியும் ஒழுங்காக வருவதில்லை. வேறு வழியில்லாமல், தீயணைப்புக்கென்று வைத்திருந்த தாங்கியிலிருந்தே விருந்தாளிகள் குளிக்கத் தண்ணீர் எடுத்தார்கள். தாங்கியின் அடியில் இடுப்பளவு தண்ணீர்தான் மிச்சம்.

அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஓரத்தில், விருந்தாளிகள் தங்கும் கபானாக் குடிலின் கிடுகுக் கூரையில் புகை எழும்பியது. கச்சான் காற்று ஊதிய ஊதலில் புகை நெருப்பாக மாற நேரம் எடுக்கவில்லை. றவூப் ஓடிப்போய்த் தீயணைப்புப் பம்பியை முடுக்கினான். ஹோட்டல் பொடியன்மார் இரண்டு குழாய்களை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அந்நேரம் பார்த்துப் போன் அடித்தது.

ஸஃப்னாதான். எடுக்காமல் விட்டால் அடுத்த வெள்ளி வரைக்கும் காத்திருக்க வேண்டும். "கொஞ்சம் இரி புள்ள, இங்க நெருப்பு!" என்று கத்திவிட்டு, போனை ஜன்னல் கட்டில் வைத்தான். எஞ்சின் போட்ட இரைச்சலில் அவள் என்ன சொன்னாள் என்று அவனுக்குக் கேட்கவில்லை.

சற்றைக்கெல்லாம் பம்பியின் சத்தம் மாறியது. உள்ளே கூழாங்கல் உருளுவது போல ஒரு சத்தம். அமுக்கம் காட்டும் முள் நடுங்கி நடுங்கி விழுந்தது. ஏணியில் ஏறித் தாங்கிக்குள் பார்த்தான். உறிஞ்சு குழாயின் வாய்க்கு மேலே தண்ணீர் சுழித்துக் குழி விழுந்திருந்தது. பம்பி தண்ணீரோடு காற்றையும் குடிக்கிறது.

முகாமையாளர் ஸலாஹுதீன் ஓடிவந்தார். "என்ன றவூப், நிப்பாட்டவா?"

"நிப்பாட்டினா திரும்பத் தண்ணி பிடிக்காது சேர். ஒரு குழாய மூடச் சொல்லுங்க. எரியிறத விடுங்க, அடுத்த கபானாவ நனைக்கச் சொல்லுங்க."

"எரியிறத விடவா?"

"அத இனிக் காப்பாத்த ஏலாது சேர்."

ஸலாஹுதீன் எரிகிற கூரையை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை ஆட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார்.

றவூப் எஞ்சின் வேகத்தைக் குறைத்தான். அறை மூலையில் கிடந்த பழைய கதவுப் பலகையைத் தூக்கிப்போய்ச் சுழியின் மேல் மிதக்கவிட்டான். சுழி உடைந்தது. கூழாங்கல் சத்தம் அடங்கியது. ஆனால் தண்ணீர் இறங்குவது நிற்கவில்லை. பலகையும் அதோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போனது. ஒரு கை வால்வில், கண் முள்ளில். ஜன்னல் கட்டைத் திரும்பிப் பார்க்கக்கூட அவனுக்கு நேரமில்லை.

வேலிக்கு அப்பால் வெங்காயத் தோட்டம் வைத்திருக்கும் ஃபாஹிம் புகையைக் கண்டதும், பயிருக்கு இறைக்கும் பைப்பை வேலிக்கு மேலால் இழுத்து வந்து தாங்கிக்குள் விட்டார். "உப்புத் தண்ணிதான் தம்பி, பரவாயில்லையா?"

"நெருப்புக்கு எந்தத் தண்ணியும் ஒண்டுதான் காக்கா. விடுங்க!"

பலகை இறங்குவது நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. பொழுது சாய்வதற்குள் நெருப்பு அடங்கிவிட்டது. ஒரு கபானா கரிக்கட்டையாகிப் போயிற்று. மற்றவை தப்பின. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எஞ்சினை நிறுத்தியதும் காது அடைத்தது போலிருந்தது. அந்த அமைதிக்குள் ஜன்னலிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"அப்ராட வாப்பா... இருக்கிறீங்களா?"

றவூப் போனைப் பறித்தெடுத்தான். "நீ வைக்கல்லையா?"

"எப்படி வைக்கிற? நெருப்பெண்டு சொல்லிட்டுப் போனீங்க. எல்லாத்தயும் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஃபாஹிம் காக்காட குரலும் கேட்டிச்சு." அவள் அழுதிருந்தாள். "உங்களுக்கு ஒண்டுமில்லையே?"

"ஒண்டுமில்ல. நனஞ்சிட்டேன், அவ்வளவுதான்." ஈரக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மேடம் என்ன சொன்னா?"

 

"வேற ஆள் கிடைக்கும் வரைக்கும் விட ஏலாதாம். பெருநாளைக்கு வரக் கிடைக்காது."

அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். கோபப்பட வேண்டும் போலவும் இருந்தது, அவளை ஆறுதல்படுத்த வேண்டும் போலவும் இருந்தது. 

"கதைங்களேன்," என்றாள்.

"என்னத்தக் கதைக்க?"

"என்னவாவது. மேடம் கூப்பிடுற மட்டும்."

அவன் எழுந்து வெளியே போனான். கடல் வெளிறிக் கிடந்தது. அப்ரா வளர்ந்துவிட்டாள், ஸஃப்னா விட்டுப்போன அபாயா இப்போது அவளுக்கு அளவாக இருக்கிறது என்றான். போன கிழமை அவள் சமைத்த மீன் ஆணம் உறைப்பில் வாயில் வைக்க முடியாமல் போனதைச் சொன்னபோது, ஸஃப்னா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் போய் நிற்க அவனுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அந்தப் பக்கம் அரபியில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"வச்சிடுறேன்," என்றாள். ஆனாலும் வைக்கவில்லை. அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் மூச்சைக் கேட்டபடி நின்றான்.