முதல் நிலைக்கு ஒரு டிராகன்

எலிகள் செய்த வேலைதான் எல்லாவற்றுக்கும் காரணம். போன ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், மூன்று வீரர்கள் ஒரு பாதாள அறைக்குள் இறங்கி, ஆறு எலிகளிடம் கடி வாங்கி, ஒருவர் பாக்கியில்லாமல் இறந்துபோனார்கள். கதையில்தான். ஆனாலும் செத்தவர்கள் மூவரும் நிஜத்தில் அதே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கொன்றவனை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொன்றவன் பெயர் தம்பி. அக்கா அப்படிக் கூப்பிட்டதால் மற்றவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, இப்போது தம்பிக்கே வேறு பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கத் தோன்றாது. ஆட்டத்தை நடத்துபவன் அவன். குகை, மழை, பூதம், சாராயக்கடைக்காரர், எல்லாம் அவனே. மற்ற மூவரும் ஆளுக்கொரு வீரர். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும், நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும், அதற்கப்புறம் என்ன ஆனது என்று தம்பி சொல்ல வேண்டும்.

"எலிகிட்ட சாகுறதுக்கா ஞாயித்துக்கெழமை குளிச்சிட்டு வந்தேன்?" என்றான் பஞ்சாயத்து. எதற்கெடுத்தாலும் விதி பேசுவதால் நண்பனுக்கு வைத்த பெயர் அது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஆட்டத்தின் விதிப் புத்தகத்தில் விலை போட்ட பக்கத்தைக்கூட அவன் படிக்காமல் விட்டதில்லை. "அடுத்த வாரமும் எல்லாரும் செத்தா, நான் நடத்துறேன். தம்பி எங்களோட உக்காந்து ஆடட்டும்."

அத்தானும் அக்காவும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போன இரண்டாவது விஷயம் அது. இனிமேல் பகடையை எல்லோரும் பார்க்கும்படி நடுமேஜையில்தான் உருட்ட வேண்டும் என்றும் தீர்ப்பானது.

தம்பிக்கு அந்த நாற்காலி முக்கியம். லிஃப்ட் கம்பெனியில் புகார் எடுக்கும் வேலை அவனுக்கு. நாள் முழுக்க அடுத்தவர் பேச, "சரிங்க, புரியுதுங்க" என்று கேட்டுக்கொண்டிருப்பான். வாரத்தில் ஒரு மத்தியானம்தான் அவன் பேச, ஆறு காது கேட்டுக்கொண்டிருக்கும். பஞ்சாயத்து நடத்தினால் எப்படி இருக்கும் என்றும் தெரியும். ஒருமுறை நடத்தினான். மூன்று மணி நேரத்தில் வீரர்கள் மூட்டை கட்டி முடித்தார்கள். எடை சரியில்லை என்று பிரித்து மறுபடி கட்டினார்கள்.

இதில் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட மாதிரி, அடுத்த வாரம் டிராகன் வரும் என்று, எலிகள் வருவதற்கு முன்பே தம்பி வாக்குக் கொடுத்திருந்தான்.

திங்கட்கிழமை புத்தகத்தைத் திறந்தான். ஒருமுறை நெருப்பு ஊதினால் முப்பது புள்ளி காயம் என்றது புத்தகம். செத்தவர்களுக்குப் பதிலாக வரும் புது வீரர்கள் முதல் நிலை. அவர்களின் உயிரே அதிகம் போனால் எட்டுப் புள்ளி. அதாவது டிராகன் ஊத வேண்டாம். கொட்டாவி விட்டாலே மூன்று பேரும் சாம்பல், மீதி நெருப்பு வீணாகப் போகும்.

செவ்வாய்க்கிழமை டிராகனைக் குறைத்தான். நெருப்பைப் பாதியாக்கி, தோலை மெல்லிசாக்கி, தனியாக உட்கார்ந்து மூன்று வீரர்களுக்கும் அவனே பகடை போட்டுப் பார்த்தான். இரண்டாவது வெட்டில் டிராகன் செத்தது. அது டிராகன் இல்லை, இறக்கை முளைத்த ஆடு. புதன்கிழமை டிராகனுக்குக் காய்ச்சல் கொடுத்துப் பார்த்தான். அக்கா நர்ஸ். காய்ச்சல் என்றால் சும்மா இருக்க மாட்டாள். எழுதியதை அடித்துவிட்டான்.

வியாழக்கிழமை ஆபீஸில் ஒரு போன். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு ஆள். "சார், பதறாதீங்க. காத்து வரும். கதவைத் தள்ளாதீங்க. ஆள் கெளம்பிட்டாங்க" என்று வழக்கமான குரலில் சொல்லிக்கொண்டே இருந்தபோது தம்பியின் பேனா நின்றது. உள்ளே இருக்கிற ஆள் கத்துகிறார், மிரட்டுகிறார், ஆனால் வெளியே நிற்கிறவர் மேல் கை வைக்க முடியாது. தம்பி போனை வைத்தான். டிராகனை மாட்டவைத்தான்.

குட்டியாக இருந்தபோது குகைக்குள் நுழைந்தது. தூங்கியது. வளர்ந்துவிட்டது. இப்போது வாசலில் தோள் இடிக்கிறது. வெளியே வர முடியாது. முழு பலத்தோடு, முப்பது புள்ளி நெருப்போடு, அசல் டிராகன். ஆனால் துரத்தாது. நெருப்பு எட்டும் தூரம் வரை தரை கருகியிருக்கும், பார்த்தாலே தெரியும். ஊதுவதற்கு முன்னால் மூச்சை இழுக்கும், புழுதியெல்லாம் அதன் பக்கம் போகும். ஊதி முடித்ததும் கொஞ்ச நேரம் இளைக்கும். அந்த நேரத்தில் ஓடிப்போய் அதன் காலடியில் கிடக்கும் ராஜாவின் கிரீடத்தை எடுத்து வந்துவிடலாம். முட்டாள்தனம் செய்தால் சாவு, புத்தியோடு ஆடினால் பிழைப்பு. தனியாக நாலுமுறை ஆடிப் பார்த்தான். நாலுமுறையும் பிழைத்தார்கள், நன்றாக வியர்த்துப் பிழைத்தார்கள்.

அந்த நாலு ஆட்டத்திலும் மூன்று வீரர்களும் தம்பியைப் போலவே யோசித்தார்கள் என்பதை மட்டும் அவன் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அழகாகத் தொடங்கியது. அக்காவின் வீராங்கனை திருடி. "நாள் முழுக்க வார்டுல எல்லாரையும் பொழைக்க வைக்கிறேன், இங்கேயுமா வைத்தியம்? நான் திருடறேன், போ" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அத்தான் ஒரே ஒரு மந்திரம் தெரிந்த மந்திரவாதி. பஞ்சாயத்து வாள்வீரன். கருகிய கோட்டைப் பார்த்ததும் மூவரும் நின்றார்கள். டிராகன் மூச்சை இழுத்தது. வாசலுக்கு எதிரே இருந்த தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். நெருப்பு கடந்து போனது. அத்தானின் கால் மேஜைக்கடியில் இல்லாத பிரேக்கை மிதித்தது. அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பயம் வந்தால் கால்தான் முதலில் பேசும்.

தம்பிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இப்போது ஓடுவார்கள், கிரீடம்.

"ஏன்டா," என்றாள் அக்கா, "அது ஏன் வெளிய வரல?"

"வர முடியாதுக்கா. சின்னதுல உள்ள வந்துச்சு. தூங்கி எழுந்து பாத்தா வளந்துருச்சு." பழக்கதோஷம், புகார்க் குரலிலேயே சொல்லிவிட்டான். மெதுவாக, இதமாக, ஆள் கிளம்பிட்டாங்க என்கிற மாதிரி.

அக்கா கையிலிருந்த பகடையை மேஜையில் வைத்தாள்.

"அடப்பாவி," என்றாள் அக்கா. "அதைப் போயி வெட்டச் சொல்றியா?"

"வெட்ட வேணாம்க்கா. கிரீடம் இருக்குல்ல, கால்கிட்ட, பாரு, தங்கம்..."

"மச்சான், ஒரு நிமிஷம்," என்றார் அத்தான். "அது தலையைத்தானே முதல்ல விடுது? தோள் இடிக்கத்தான் செய்யும். ரிவர்ஸ்ல வரச் சொல்லு."

"அத்தான், அது டிராகன்."

"எதுவா இருந்தா என்ன? வாலு முதல்ல, இறக்கைய மடக்கி, இடுப்பை லேசா இடப்பக்கம் ஒடிச்சு. லாரியவே எடுக்க வெச்சிருக்கேன் சந்துக்குள்ளேந்து." எழுந்து நின்றுவிட்டார். "என் மந்திரவாதி வாசல்ல நிக்கிறான். கை காட்டுறான். வா, வா, மெதுவா, மெதுவா..."

தம்பி பஞ்சாயத்தைப் பார்த்தான். தடுக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். பஞ்சாயத்து புத்தகத்தைப் புரட்டி, "பிராணி பின்னால நடக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லை" என்றான்.

அத்தான் பகடையை உருட்டினார். இருபதுக்குப் பத்தொன்பது. பலித்துவிட்டது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பினாலாவது, வெட்டியவனுக்குப் பூதம் வரும் என்று தெரியாது. இவர்களுக்குத் தெரியும். தம்பி ஒரு வாரம் உட்கார்ந்து கட்டிய பாதுகாப்பு மொத்தமும் அந்த வாசல்தான். அதைத் திறந்து, வழிகாட்டி, கைதட்டி வெளியே கூட்டி வந்துவிட்டார்கள். இப்போது திறந்தவெளி. தூண் உதவாது, கோடு இல்லை. முப்பது புள்ளி நெருப்பு. எட்டு, ஏழு, ஐந்து என்று மூன்று உயிர்.

"டிராகனுக்கு ரொம்ப சந்தோஷம்," என்று தம்பி வேகமாகத் தொடங்கினான். "நன்றி சொல்லுது..."

"அப்படியெல்லாம் நீயா சொல்லக் கூடாது," என்றான் பஞ்சாயத்து. "முதல்தடவை நேருக்கு நேர் பாக்குற பிராணிக்கு மனநிலை உருட்டணும். ரெண்டு பகடை. கொறைஞ்சா கோபம், கூடினா நட்பு. நடு மேஜையில."

தம்பி உருட்டினான். ஒரு பகடையில் ஒன்று. இன்னொன்று உப்புப் புட்டியில் மோதி, யோசித்து, இரண்டில் நின்றது.

"மூணு," என்றாள் அக்கா மெல்ல. "கடுங்கோபம்."

பஞ்சாயத்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினான். எழுந்து இந்தப் பக்கம் வர வசதியாக. தம்பி மூன்று பேரின் முகத்தையும் பார்த்தான். பொய் சொல்ல முடியாது, பகடை எல்லோர் கண்முன்னாலும் கிடக்கிறது. கடுங்கோபம். மாட்டிக்கொண்டு வெளியே வந்த ஆளின் கடுங்கோபம். அது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? இத்தனை வருஷத்தில், கதவைத் திறந்துவிட்ட மெக்கானிக்குக்கு நன்றி சொன்ன ஒரு ஆளைப் பற்றி அவன் கேள்விப்பட்டதில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்தான். குரலைக் கனமாக்கினான்.

"இவ்ளோ நேரமா?" என்றது டிராகன்.

மூவரும் விழித்தார்கள்.

"எத்தனை வருஷமா கத்துறேன், ஒருத்தருக்கும் காது இல்லையா? வந்ததுதான் வந்தீங்க, முதுகெல்லாம் கீறல். பாரு இங்க, செதில் போச்சு. யாருடா கை காட்டினது? ஒழுங்கா வண்டி எடுக்கத் தெரிஞ்ச ஆளே இந்த ராஜ்யத்துல கிடைக்கலையா?"

அத்தானின் முகம் சிவந்தது. "என்ன சொல்லுது அது?"

"வாலை ஒரு சுழட்டு. மந்திரவாதி புதர்ல போய் விழறாரு, மூணு புள்ளி காயம். அது பறந்து போயிடுது," என்றான் தம்பி.

"கோபம்னா தாக்கணுமே," என்று பஞ்சாயத்து இழுத்தான்.

"தாக்கிருச்சே. மூணு புள்ளி. அதைவிட, பேசிருச்சே!" என்றாள் அக்கா. "ஏங்க, எழுந்திரிங்க புதர்லேந்து. உதவி பண்ணவங்களையே இந்தப் பேச்சா? வார்டுல தினம் வாங்குறேன், வாயை மூடிக்கிட்டு. இங்க வாங்க மாட்டேன். எந்தப் பக்கம் போச்சு அது?"

"அக்கா, முதல் நிலைல டிராகனைத் துரத்த..."

"கீறலாம் கீறல்!" அத்தானுக்கு இன்னும் ஆறவில்லை. "இருபது வருஷ சர்வீஸ்ல ஒரு பெயின்ட் உரிஞ்சதில்ல. மச்சான், அதைப் பிடிச்சு நிறுத்தி முதுகைக் காட்டச் சொல்லணும். இன்னிக்கே."

கிரீடம் குகைக்குள் கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை. பஞ்சாயத்து நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துக்கொண்டு, வாள்வீரனின் மூட்டையில் கயிறு இருக்கிறதா என்று பார்த்தான்.

"தம்பி," என்றான், வரைபடத்தின் ஓரத்தில் விரல் வைத்து, "இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

அதற்கு அந்தப் பக்கம் மேஜைதான் இருந்தது. தம்பி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வரைபடத்தோடு சேர்த்து வைத்து, பென்சிலைச் சீவினான்.

"மலை," என்றான். "பதறாதீங்க. வருது."